கரணமும் பொய்யும்: குடியேற்றத் திருமண மோசடியும் ஏமாற்றப்பட்டோர்க்கான நீதியும்

தொல்காப்பியக் கற்பியலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் கரணம் பற்றிய நூற்பாவில் நாம் சற்று நின்றுவிடுவதுண்டு. மாந்தரின் உறவில் வஞ்சமும் தவறுதலும் தலைகாட்டிய பிறகே மூத்தோர் திருமணச் சடங்கை வகுத்தனர் என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் அங்கே பொய்யையும் வழுவையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டுவர். செய்ததை மறைப்பது பொய். செய்ததில் முடிவுவரை நில்லாமல் தவறுவது வழு. இவ்விரண்டையும் தடுக்கவே ஊரறியச் சடங்கு ஏற்பட்டது என்பது பழைய விளக்கம்.

அந்தச் சடங்கே பொய்க்குக் கருவியானால் என்ன செய்வது? ஊரைச் சாட்சியாக வைத்து, பதிவேட்டில் கையொப்பமிட்டு, மனத்துக்குள் வேறொரு கணக்கோடு ஒருவர் மணமேடை ஏறினால் ஏமாற்றப்பட்டவர்க்கு என்ன வழி? நவீன காலத்தில் இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது குடியேற்றத்தை ஒட்டிய திருமணங்களில்தான். ஒரு நாட்டின் குடிமகனை அல்லது குடிமகளை மணப்பதால் கிடைக்கும் குடியிருப்பு உரிமைக்காக மட்டுமே திருமணம் செய்துகொள்வதைக் 'குடியேற்றத் திருமண மோசடி' என்கிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்ட வரலாற்றில் இது ஏறத்தாழ நூறாண்டுக் கதை. அதை இங்கே ஓரளவு தொடர்ச்சியாகச் சொல்லிப் பார்க்கலாம்.

திருமணமே குடியுரிமையாக இருந்த காலம்

19-ஆம் நூற்றாண்டில் இச்சிக்கல் வேறு வடிவில் இருந்தது. 1855-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியுரிமை பெறத் தகுதியுள்ள ஓர் அயல்நாட்டுப் பெண் அமெரிக்கக் குடிமகனை மணந்தால் அம்மணத்தாலேயே அவளும் குடிமகளானாள். 1907-இல் வந்த சட்டம் இதன் மறுபக்கத்தையும் எழுதியது. அயல்நாட்டானை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்து கணவனின் நாட்டைச் சேர்ந்தவளானாள். கலிபோர்னியாவைச் சேர்ந்த எதெல் மெக்கன்சி, பெண்கள் வாக்குரிமைக்காக உழைத்தவர். அவ்வுரிமை அம்மாநிலத்தில் கிடைத்த பிறகு வாக்காளராகப் பதியச் சென்றபோது, பிரிட்டானியக் குடிமகனை மணந்திருந்த காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டார். 1915-இல் உச்ச நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 1922-இல் வந்த கேபிள் சட்டம்தான் மனைவியின் குடியுரிமையைக் கணவனின் குடியுரிமையிலிருந்து பெருமளவுக்குப் பிரித்தது.

திருமணத்தின் மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை. ஏனெனில் அதே காலத்தில் நாட்டின் கதவு சாத்தப்பட்டுக்கொண்டிருந்தது. 1921, 1924 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வருவோரின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டின. 1924-ஆம் ஆண்டுச் சட்டம் குடிமக்களின் மனைவியரை அவ்வரம்புக்கு வெளியே வைத்தது. கணவர்களுக்கு முழுமையான சம நிலை 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. வரிசையில் நிற்போர் பல்லாயிரம் பேராக, வரிசையில் நிற்கத் தேவையில்லாதவர் துணைவர் மட்டுமே என்றாகும்போது, துணைவராவதற்கு ஒரு விலை ஏற்பட்டுவிடுகிறது. மோசடிக்கான காரணத்தைத் தனிமனிதரின் ஒழுக்கக் கேட்டில் மட்டும் தேடுவது போதாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

1937-இல் அமெரிக்கக் காங்கிரஸ் முதன்முறையாக இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. பணக்காரப் பெண்களை நம்பிப் பிழைக்கும் ஆடவரைக் குறிக்கும் 'ஜிகோலோ' என்ற சொல்லால் 'ஜிகோலோ சட்டம்' என்றே அதைக் குறிப்பிட்டனர். மோசடியான திருமணத்தின்வழி விசா பெற்று வந்தவரின் திருமணத்தை நீதிமன்றம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று அறிவித்தால், அவரை நாடு கடத்தலாம் என்றது அச்சட்டம். நாட்டுக்குள் நுழைவதற்காகக் கொடுத்த மண உறுதிமொழியை நிறைவேற்ற மறுப்பவரையும் நாடு கடத்தலாம் என்றது. ஏமாற்றப்பட்ட துணைவர் குடும்ப நீதிமன்றத்தில் பெறும் தீர்ப்புக்கும் அரசு எடுக்கும் நடவடிக்கைக்கும் இடையே நேரான ஒரு பாலத்தை இங்கே காண்கிறோம். பின்வந்த சட்டங்களில் அப்பாலம் மெல்ல மெல்லக் குறுகியது என்பதே நம் கருத்து.

ஏமாற்றப்பட்டவர் யார்?

மேலே செல்வதற்குமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1935 ஜூன் 15-ஆம் நாள் இங்கிலாந்தின் லெட்பரி என்னும் சிற்றூரில் கவிஞர் ஆடன், தாமஸ் மன்னின் மகள் எரிகா மன்னை மணந்தார். நாஜி ஜெர்மனி எரிகாவின் குடியுரிமையைப் பறித்துக்கொண்டிருந்த நேரம் அது. அவர் முதலில் கேட்டது கிறிஸ்டபர் இஷர்வுட்டை. இஷர்வுட் தயங்கவே ஆடன் முன்வந்தார். இருவரும் சேர்ந்து வாழவில்லை. வாழும் எண்ணமும் இல்லை. எரிகாவுக்குப் பிரிட்டானியக் கடவுச்சீட்டு கிடைத்தது. 1969-இல் எரிகா இறக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அவர்கள் கணவன் மனைவியே. அடுத்த ஆண்டில் எரிகாவின் தோழியான நடிகை தெரேசா கீசேயும் இதே வகையில் ஜான் ஹாம்ப்சன் என்ற எழுத்தாளரை மணந்தார்.

இலக்கிய வாசகர் இச்செயலைப் பெருந்தன்மை என்றே நினைவுகூர்கின்றனர். நாமும் அப்படித்தான் கருதுகிறோம். இன்றைய குடியேற்றச் சட்டத்தின் சொற்களில் வைத்துப் பார்த்தால் இது ஒரு பொய்த் திருமணம். ஆனால் இதில் மணமக்கள் இருவரில் எவரும் ஏமாறவில்லை. ஏமாறியது, அப்படிச் சொல்ல முடியுமானால், பதிவேடு மட்டுமே.

ஆகவே மூன்று நிலைகள் உள்ளன. இருவரும் அறிந்தே செய்வது ஒன்று. அங்கே ஏமாற்றப்படுவது அரசு. ஒருவர் அன்பென்று நம்ப, மற்றவர் விசாவென்று கணக்கிடுவது இரண்டாவது. அங்கே ஏமாற்றப்படுவது ஓர் உயிர். இருவரும் உண்மையாகவே மணந்து பின்னர் உறவு முறிவது மூன்றாவது; அங்கே ஏமாற்றமுண்டு, ஏமாற்று இல்லை. உரையாசிரியர் சொற்களில் சொன்னால் அது வழு, பொய்யன்று. அமெரிக்கச் சட்டம் முதல் நிலையைக் கண்டுபிடிக்கவே பெரும்பாலும் உழைத்தது. இரண்டாம் நிலையில் இருப்பவர் அதன் கண்ணுக்கு ஒரு சாட்சியாகவே தெரிந்தார்.

1953-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த லுட்வாக் வழக்கு இதற்கு நல்ல சான்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1945 டிசம்பரில் இயற்றப்பட்ட 'போர் மணமகள் சட்டம்', படைவீரர்களாக இருந்தோரின் துணைவர்கள் எளிதில் நாட்டுக்குள் வர வழிசெய்தது. போலந்து அகதிகள் மூவரை அவ்வழியே கொண்டுவருவதற்காக முன்னாள் படைவீரர்கள் பாரிசில் அவர்களைச் சடங்குக்காக மணந்துகொண்டனர். அத்திருமணங்கள் பிரெஞ்சுச் சட்டப்படி செல்லுமா என்ற கேள்வியே இங்கு வேண்டியதில்லை, சேர்ந்து வாழும் எண்ணமின்றி அரசை ஏமாற்றச் சதி செய்ததே குற்றம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். நீதிபதி ஜாக்சன் உள்ளிட்ட மூவர் இதை ஏற்கவில்லை. கணவனுக்கு எதிராக மனைவி சாட்சி சொல்லலாகாது என்ற பழைய விதி இத்தகைய திருமணங்களுக்குப் பொருந்தாது என்பதும் அத்தீர்ப்பின் ஒரு பகுதி. அன்று அது அரசுக்குக் கிடைத்த கருவி. பின்னாளில் உண்மையாகவே ஏமாற்றப்பட்ட துணைவர் வாய்திறக்கவும் அதுவே வழியாயிற்று.

செல்லாததென அறிவிக்கும் வழி

ஏமாற்றப்பட்டவர்க்கு மிகப் பழைய நிவாரணம் திருமணத்தைச் செல்லாததென அறிவிக்கச் செய்வது. மணமுறிவு 'இருந்த உறவு முடிந்தது' என்கிறது. இதுவோ 'அந்த உறவு மெய்யாக ஏற்படவே இல்லை' என்கிறது. ஏமாற்றப்பட்ட ஒருவருக்கு இவ்விரண்டு வாக்கியங்களும் ஒன்றல்ல.

ஆனால் நீதிமன்றங்கள் இதை எளிதில் கொடுத்ததில்லை. 1862-இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் தீர்த்த ரெனால்ட்ஸ் வழக்கு இத்துறையின் அடிப்படை. வேறொருவரால் கருவுற்றிருந்ததை மறைத்து மணந்த பெண்ணிடமிருந்து கணவன் விடுதலை கேட்டான். நீதிமன்றம் கொடுத்தது. கொடுக்கும்போதே ஓர் எல்லையும் வகுத்தது. செல்வம், குணம், உடல்நலம் பற்றிய பொய்கள் போதா. மண உறவின் அடிப்படையையே தாக்கும் பொய்யாக இருக்க வேண்டும். 'ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம்' என்ற நம் பழமொழியைச் சட்டமும் ஓரளவு ஏற்றுக்கொண்டுவிட்டது போலத் தோன்றும்.

குடியிருப்பு அட்டைக்காக மட்டும் மணப்பது அடிப்படையைத் தாக்கும் பொய்யா? 1974-இல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று ஆம் என்றது. சேர்ந்து வாழும் எண்ணமே இல்லாதபோது மணத்துக்கான இசைவு இசைவே அல்ல என்பது இதன் தருக்கம். அம்மாநிலச் சட்டத்தில் இன்றும் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. மோசடி தெரிந்த நாளிலிருந்து 4 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். உண்மை முழுவதும் தெரிந்த பின்னரும் விருப்பத்தோடு சேர்ந்து வாழ்ந்தால் அவ்வுரிமை போய்விடும். மன்னித்துப் பார்ப்போம் என்று ஆறு மாதம் பொறுத்திருந்தவரே இந்த இரண்டாம் கட்டுப்பாட்டில் பெரிதும் அகப்படுகிறார். நம் 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவிலும் இதே அமைப்பு உண்டு. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் எதிர்த்தரப்பாரைப் பற்றிய முக்கியச் செய்தியை மறைத்து இசைவு பெறுவதும் அதில் அடங்கும். மோசடி தெரிந்த ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். தெரிந்த பின் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்கக் கூடாது.

இழப்பீடு கேட்டு வழக்கிடும் வழியோ 1930-களிலேயே குறுகிவிட்டது. மண உறுதிமொழியை மீறியவர்மீது இழப்பீடு கோரும் பழைய வழக்குகள் மிரட்டிப் பணம் பறிக்கப் பயன்படுகின்றன என்ற குறையால் 1935-இல் இந்தியானா மாநிலம் அவற்றை ஒழித்தது. வேறு பல மாநிலங்களும் அதைத் தொடர்ந்தன. காதலின் பெயரால் நேர்ந்த துன்பத்துக்குப் பணத்தால் விலை வைக்க நீதிமன்றங்கள் அன்று தொட்டே தயங்குகின்றன. குடியேற்ற மோசடிக்கு ஆளான துணைவர்க்கென்று கூட்டாட்சிச் சட்டத்தில் தனி இழப்பீட்டு வழக்கு ஏதும் ஏற்படுத்தப்படவில்லை.

1986

1986 நவம்பர் 10-ஆம் நாள் ரீகன் கையொப்பமிட்ட 'குடியேற்றத் திருமண மோசடித் திருத்தங்கள்' இவ்வரலாற்றின் நடுப்புள்ளி. அதன் பின்னணியில் ஓர் எண் இருந்தது. குடியிருப்பு கோரும் திருமணங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஐயத்துக்குரியவை என்று குடியேற்றத் துறையின் தலைவர் 1985-இல் செனட் குழுமுன் கூறினார். அந்த எண் சட்டத்தை இயற்றச் செய்தது. 1990-இல் வட கரோலினாவில் மன்வானி வழக்கை விசாரித்த கூட்டாட்சி நீதிமன்றம் அவ்வெண்ணின் அடிப்படையை ஆராய்ந்து, அந்த ஆய்வு புள்ளியியல் முறைப்படி நிற்காதது என்று கண்டது. ஐயப்பட்டவற்றின் கணக்கு, நிறுவப்பட்டவற்றின் கணக்காக உலவிவிட்டது. சட்டம் மட்டும் அப்படியே நின்றது.

சட்டம் செய்தவை சில. திருமணமாகி 2 ஆண்டு நிறையாதவர்க்கு நிரந்தரக் குடியிருப்புக்குப் பதிலாக 2 ஆண்டு நிபந்தனைக் குடியிருப்பே கிடைக்கும். அது முடியுமுன் உள்ள 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து விண்ணப்பித்து நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும். தெரிந்தே மோசடித் திருமணம் செய்தவர்க்கு 5 ஆண்டு வரை சிறை, 250,000 டாலர் வரை தண்டம். குடிமகனும் உடந்தையானால் இத்தண்டனை அவர்க்கும் உண்டு. அவ்வாறு ஒருமுறை மோசடி செய்தவர் என்று முடிவானால், பின்னர் ஒருவரை உண்மையாகவே மணந்தாலும் அவர் பொருட்டு அளிக்கப்படும் மனு ஏற்கப்படாது.

ஏமாற்றப்பட்ட குடிமகனுக்கு இதில் கிடைத்த உண்மையான ஆயுதம் அந்தக் கூட்டுக் கையொப்பம். இரண்டாண்டுக்குப் பிறகு அவர் கையொப்பமிட மறுக்கலாம். ஆனால் அதே ஆயுதம் வேறொரு வீட்டில் வேறொன்றாயிற்று. கையொப்பமிட மாட்டேன் என்ற மிரட்டலே அடிக்கும் கணவனின் கைத்தடியானது. மனைவி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு இரண்டாண்டைக் கடக்க வேண்டியிருந்தது. இதை உணர்ந்தே 1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், துன்புறுத்தப்பட்டவர் கூட்டுக் கையொப்பமின்றியே விண்ணப்பிக்க விலக்கு அளித்தது. 1994-ஆம் ஆண்டின் பெண்களுக்கெதிரான வன்முறைச் சட்டம் அவர்கள் தாமே மனுச் செய்யவும் வழி திறந்தது. துன்புறுத்தியவர் தரும் தகவலை மட்டுமே வைத்து அத்தகைய மனுவை மறுக்கக் கூடாது, மனுவின் விவரங்களை அவரிடம் வெளியிடக் கூடாது என்று 1996-இல் காப்பும் ஏற்பட்டது.

ஏமாற்றப்பட்டதாகச் சொல்லும் குடிமக்கள் சிலர் இங்கேதான் மனம் கசந்து பேசுகின்றனர். தம்மீது பொய்யான துன்புறுத்தல் குற்றச்சாட்டு வந்ததென்றும், தம் பக்கத்தைச் சொல்ல அம்மன்றில் தமக்கு இடமே இல்லையென்றும் அவர்கள் முறையிடுகின்றனர். அவர்களுள் உண்மை சொல்வோர் இருப்பர். அதே முறையீட்டையே அடித்த கணவனும் செய்வான். கதவை யாருக்காகத் திறந்தார்களோ அவர்களுக்கு அது உயிர்க் காப்பு என்பதால் அதை மூடு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஒருவர்க்குச் செய்த நீதி மற்றவர்க்கு மூடிய கதவாகும் இந்நிலையைச் சட்டம் இன்னும் தீர்க்கவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

கையொப்பத்தின் நீண்ட நிழல்

1996-ஆம் ஆண்டுச் சட்டம் குடிமகன் தலையில் மற்றொரு சுமையையும் வைத்தது. துணைவரை வரவழைப்பவர், அவரைத் தாங்குவதாக ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். முன்பு அது பெரும்பாலும் சடங்காக இருந்தது. இச்சட்டத்துக்குப் பின் அது நீதிமன்றத்தில் நிறைவேற்றத்தக்க ஒப்பந்தமாயிற்று. வறுமைக் கோட்டு வருமானத்தின் 125 விழுக்காடு அளவுக்குத் துணைவரைத் தாங்க வேண்டும். துணைவர் குடியுரிமை பெறுதல், ஏறத்தாழ 10 ஆண்டு உழைப்புக்கு ஈடான 40 காலாண்டுகள் அவர் கணக்கில் சேர்தல், இருவரில் ஒருவர் இறத்தல், துணைவர் குடியிருப்பை விட்டு நாட்டைவிட்டே செல்லுதல் போன்றவற்றால்தான் அப்பொறுப்பு முடியும். மணமுறிவு அதை முடிக்காது. 2012-இல் 7-ஆம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒருபடி சென்று, தாங்கப்படுபவர் வேலை தேட முயன்றிருக்க வேண்டும் என்ற வாதத்தையும் ஏற்க மறுத்தது.

பொதுநிதிக்குச் சுமை வரக்கூடாது என்பது சட்டத்தின் நோக்கம், அது நியாயமானதே. ஆனால் ஏமாற்றப்பட்ட ஒருவர், தம்மை ஏமாற்றியவர்க்கே ஆண்டுக்கணக்கில் ஊட்டுத்தொகை தர நேரலாம் என்பது அதன் விளைவு. எனவே காலமே இங்குப் பெரும் நிவாரணம். குடியிருப்பு வழங்கப்படுவதற்கு முன்பே ஐயம் உறுதியானால் மனுவையும் பிரமாணப் பத்திரத்தையும் எழுத்துமூலம் திரும்பப் பெறலாம். வழங்கப்பட்ட பின் அக்கதவு அடைபடுகிறது.

அதன் பிறகு எஞ்சுபவை சிலவே. திருமணத்தைச் செல்லாததென அறிவிக்கக் கோருதல், கூட்டு மனுவில் கையொப்பமிடாதிருத்தல், சான்றுகளோடு குடியேற்றத் துறைக்கு எழுதுதல். 1952-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடரும் ஒரு விதியும் துணை நிற்கிறது. நுழைவுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் நடந்த திருமணம், நுழைந்த 2 ஆண்டுகளுக்குள் முறிந்தாலோ செல்லாததென அறிவிக்கப்பட்டாலோ, மோசடி இல்லை என்று நிறுவும் பொறுப்பு வந்தவரைச் சேரும். ஆனால் நாடு கடத்துவதும் கடத்தாதிருப்பதும் அரசின் முடிவு. முறையிட்டவர் அதில் வாதி அல்லர். தம் கடிதம் என்னவாயிற்று என்றுகூட அவர்க்குச் சொல்லப்படாமல் போகலாம். 1937-இல் கண்ட பாலத்தில் இன்று அவர் நடந்துசெல்ல முடியும். அக்கரையில் அவருக்கு இருக்கை இல்லை.

பொய்யும் வழுவும்

1975-இல் 9-ஆம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்க் வழக்கில் சொன்ன அளவுகோலே இன்றும் நிற்கிறது. மணந்த நேரத்தில் சேர்ந்து வாழும் எண்ணம் இருந்ததா என்பதே கேள்வி. பின்னர்ப் பிரிந்தார்கள் என்பது மட்டுமே மோசடியை நிறுவாது. பொய்யையும் வழுவையும் பிரித்துப் பார்த்த நம் உரையாசிரியர்களுக்கு இவ்வளவுகோல் அந்நியமாகத் தோன்றியிராது. பிரிவின் கசப்பில் வழுவெல்லாம் பொய்யாகவே தெரியும். அப்படித் தெரிவதாலேயே பொய்யாகிவிடாது. ஆகவேதான் நிறுவுவது கடினமாகிறது. கடினமாக இருப்பதும் தேவையாகிறது. பிறர் மனத்தில் அந்நாளில் என்ன இருந்தது என்பதைக் கடிதங்களாலும் வங்கிக் கணக்குகளாலும் வீட்டு வாடகைச் சீட்டுகளாலும்தான் நீதிமன்றம் அறிய முடியும்.

அகநானூற்றின் 256-ஆம் பாடலில் கள்ளூர்ச் செய்தி ஒன்று வருகிறது. ஒரு பெண்ணின் நலத்தை நுகர்ந்துவிட்டு, அவளை அறியவே அறியேன் என்று அவையில் பொய்ச் சூளுரைத்தவனின் கதை. அவையோர் சாட்சிகளை விசாரித்து உண்மையைத் தெளிந்தனர். அவனை மரக்கிளையில் பிணித்துத் தலையில் நீற்றைக் கொட்டினர். அத்தண்டனையை இன்று எவரும் வேண்டார். ஆனால் அவ்வூரில் ஏமாற்றப்பட்டவளின் வழக்கு அவளுடைய வழக்காகவே கேட்கப்பட்டது. உண்மை அவள் ஊரறிய உரைக்கப்பட்டது.

நவீன அரசு தன்னை ஏமாற்றியவரைத் தண்டிக்கத் தெரிந்துகொண்டது. தன் எல்லையைக் காக்கவும் தன் நிதியைக் காக்கவும் கற்றுக்கொண்டது. நம்பி ஏமாந்த மனிதர் வந்து நிற்கும்போது அவரைச் சாட்சிக் கூண்டுக்கு அனுப்புகிறது, அல்லது அவர் முன்பு இட்ட கையொப்பத்தை நினைவூட்டுகிறது. அவர் கேட்பது பெரும்பாலும் பணமோ பழியோ அன்று. நடந்தது திருமணமன்று, அதில் தன் பிழை நம்பியது மட்டுமே என்று பொது மன்றம் ஒன்று உரைக்கக் கேட்பதே. இன்றுள்ள வழிகளில் அதைச் சொல்லக்கூடியது, திருமணத்தைச் செல்லாததென அறிவிக்கும் அந்தப் பழைய தீர்ப்பு ஒன்றுதான். அதன் வாசலைக் காலக்கெடுவுக்குள் எட்டியவர்க்கே அதுவும் கிடைக்கிறது.